ஆமைக்கு ஒரு குரல்

சனிக்கிழமைக் காலையை வீட்டில் கழிப்பது எனக்குப் பிடிக்காது, வக்கீல் சார். அதனால்தான் ரூஃபஸ் டாலிவரின் முடிதிருத்தும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குப் பகுதியில், கறுப்பர்கள் மட்டுமே வரும் கடை. முதல் நாள் ஒருவர், "வெள்ளைக்காரம்மா, பஸ் ஸ்டாப் அடுத்த தெருவுல" என்றார். ரூஃபஸ்தான், "சும்மா இருடா, சிரிக்கறதுக்கு வந்திருக்காங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

வெள்ளையர் கறுப்பரை நடத்தும் விதத்தைக் கிண்டல் செய்து, பெரியவர்களுக்காக ஒரு கார்ட்டூன் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நிஜப் பேச்சை ஒலிநாடாவில் பிடித்து, அதற்கேற்ப வாயசைவு வரைவது எங்கள் வழக்கம். ரெக்கார்டர் என் கைப்பைக்குள் இருந்தது. சொன்னால் பேச்சு விறைத்துப்போகும் என்பதால் சொல்லவில்லை.

ரூஃபஸ் வாராவாரம் ஒரே கதையைச் சொல்வார். மிசிசிப்பியில் தன் ஊரில் தன் தம்பியை இழுத்துப்போக வந்த போலீஸ்காரனை மண்வெட்டியால் அடித்தது, அவன் எழுந்திருக்காதது, இவர் ஒற்றை ஷூவோடு ஆற்றை நீந்தியது.

"ஒத்த ஷூவோட நீந்தினா வட்டமாத்தான்டா சுத்துவே" என்பார் ஒருவர்.

"அதான் இருபத்தெட்டு வருஷமா இங்கயே சுத்திக்கிட்டிருக்கேன்."

கடையே குலுங்கும்.

படத்தில் அவர் ஓர் ஆமை. மரியாதைக்காக முன்கூட்டியே போட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"குரல் என்னுது, மிஸ் கார்லா. ஊர் பேரும் இருக்கு. செத்தவனோட தம்பிதான் இப்ப அங்க ஷெரீஃப், போலீஸுக்கே தலைவன். வேற யாரையாவது பேச வைங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நடிகர் ஒருவரைப் பேச வைத்துப் பார்த்தேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பழைய குரலையே மறுபடி சேர்த்தேன். ஊர்ப் பெயரையும் விட்டுவைத்தேன். அது இல்லாவிட்டால் நகைச்சுவை நொண்டுகிறது. அவரிடம், மாற்றிவிட்டதாகச் சொன்னேன். மறுநாள் நன்றி சொல்ல, மனைவி பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு அப்பம் கொண்டுவந்தார். நன்றாக இருந்தது.

அந்த ஊருக்கும் படத்தின் ஒரு பிரதி அனுப்பச் சொன்னது நான்தான். பாடம் கற்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. படம் வெளியான இரண்டாம் வாரம் ரூஃபஸைக் கைது செய்து கொண்டுபோனார்கள். இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றும் அந்தக் காட்சிக்குத்தான் அரங்கம் எழுந்து கைதட்டுகிறது.

ரூஃபஸுக்காக வாதாடும் நீங்கள், ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஓடவிட்டீர்கள். அது பண்பு. ஒரே ஒரு வேண்டுகோள்: கோர்ட்டில் இதைப் போட்டுக் காட்டாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் என் குரலைக் கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கும்.