பிற்பாடு சேர்ந்தவை

கிருத்திகை அன்று நான் டீயைத் தவிர வேறெதுவும் தொடுவதில்லை ஐயா. இந்த வடையை வாசலில் நிற்கும் காவலரிடம் கொடுத்துவிடுங்கள், காலையிலிருந்து பாவம் நின்றுகொண்டே இருக்கிறார். விரத நாளில் பொய் பேசும் வழக்கமும் எனக்கு இல்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

செத்துப்போன கிழவி மாரக்காளின் அக்கா மகள் சாலம்மாள் கொடுத்த மனுவில் என் முதலாளி மருதாசலத்தின் பெயர் இருக்கிறதாம். கிழவி குடியிருந்த வண்டியில் புகை போக வைத்திருந்த துளைகளை அவர்தான் அடைக்கச் சொன்னார், அதனால்தான் அவள் செத்தாள் என்று. உங்கள் ஆட்கள் வந்து பார்த்து, துளை இருந்த அடையாளமே இல்லை என்று திரும்பிப் போனார்கள். கண்ணுக்குத் தெரியாது ஐயா. இருபத்திரண்டு வருடம் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டியவன் இந்தச் செல்லமுத்து. தேக்கின் ரேகையோடு ரேகை சேர்த்து அடைத்திருக்கிறேன். நாளைக்கு வாருங்கள், விரல் வைத்துக் காட்டுகிறேன். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர் தலையில் பழி விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அஸ்தம்பட்டியில் அவர் வாங்கிய பங்களாவின் பின்பக்கம் அந்த வண்டி நின்றது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வீடு. கட்டில், மேசை, அலமாரி எல்லாம் உள்ளேயே உண்டு. காரவான் என்பார்கள், நாங்கள் ஊட்டு வண்டி என்போம். வெள்ளைக்கல் சுரங்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் கொண்டுவந்தது. சீமைக்குத் திரும்பும்போது, தன் சமையல்காரர் கருப்பண்ணன் குடியிருக்கட்டும் என்று விட்டுப்போனார். கருப்பண்ணன் காலமான பிறகு அவர் மனைவி மாரக்காள் தனியாக இருந்தாள். முதலாளி பங்களாவை வாங்கியபோது கிழவியையும் சேர்த்தே வாங்கினார் என்று வேலையாட்கள் சிரிப்பார்கள்.

எண்பத்திரண்டு புரட்டாசியில் மெட்ராஸிலிருந்து பழைய வண்டிச் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். அவர்கள் சங்கத்து விதியை எனக்குப் பொறுமையாக விளக்கினார். 1930 முடிவதற்குள் செய்த வண்டி என்றால் விண்டேஜ். அதற்குப் பிந்தியது என்றால் கிளாசிக். ஆனால் பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். நான் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய், பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். 1931 என்று இருந்தது. ஒரே ஒரு வருடம் ஐயா. அன்று எனக்கு வந்த துக்கம் என் அம்மா போனபோதுகூட வரவில்லை.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கருப்பண்ணன் குடைந்த துளைகள், அவர் வைத்த தாழ்ப்பாள், பலகை, ஆணி. "அப்புறம் சேர்ந்ததெல்லாம் போயிட்டா இது கிளாசிக். இல்லேன்னா வெறும் பழசு" என்றார். தை மாதம் திரும்ப வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கிழவியை எங்கேயாவது மாற்றலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் நல்லவர். "இருந்துட்டுப் போகட்டும் செல்லமுத்து. அவ காலம் முடியட்டும். இந்த தை இல்லீன்னா அடுத்த தை. வண்டி எங்க ஓடியா போகுது?" என்றார். அவருக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். நான் கட்டிய லாரிகள் ஆறு வருடத்தில், ஏழு வருடத்தில் உடைப்பதற்குப் போய்விடும். என் கை பட்டது எதுவும் இன்று உலகத்தில் நிற்கவில்லை. இந்த வண்டியில் ஐம்பது வருடமாக ஒரு மூட்டுகூட விலகவில்லை. எங்கள் ஊர்க் கோயில் தூண்களுக்கு யாரோ பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அதைச் சுரண்டி எடுத்துக் கல்லைக் கண்ட அன்று கும்பிட்டேன். அதே மாதிரிதான் இதுவும்.

ஐப்பசி எட்டாம் தேதியிலிருந்து கிழவிக்குத் தினமும் ஒரு செம்பு மோர் கொண்டுபோனேன். சின்ன உதவிதான், ஆனால் சின்ன உதவிகளில்தான் கடவுள் இருக்கிறார். அவளும் என்னிடம் பிரியமாகிவிட்டாள். நான் இழைப்பதையும் தேய்ப்பதையும் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். "ஏஞ்சாமி, இந்த வண்டிக்குக் கண்ணாலமா கட்டப்போறீங்க, இப்பிடிச் சிங்காரிக்கறீங்க?" என்பாள். சிரிப்பு வரும்.

கார்த்திகையில் துளைகளை அடைத்தேன். அப்போது மட்டும் கேட்டாள், "பொகை எங்க சாமி போகும்?" கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் ஆத்தா என்றேன். சரியென்று தலையாட்டினாள். சொன்னால் கேட்கிற மனுஷி.

மார்கழியில் ஏற்காடு மலையிலிருந்து பனி இறங்கும். கைகால் விறைத்துக்கொள்கிறது என்றாள். நானே செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் ஒரு மூட்டை அடுப்புக்கரி வாங்கிவந்தேன். கரி அடுப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து, மூட்டி, விசிறியும் கொடுத்தேன். "பெத்த புள்ள இருந்தாக்கூட இப்பிடிப் பாக்காது சாமி" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனி உள்ளே போகக்கூடாது என்று நானே கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கதவின் ஓரங்களில் புதுசாக ஒட்டிய கம்பளித்துணி நன்றாகப் பிடித்திருந்தது. சாத்தினால் சத்தமே இல்லை.

தாழ்ப்பாள் பிற்பாடு சேர்ந்தது, அதனால் எடுத்துவிட்டேன். உள்பக்கத்துக் கைப்பிடி முதலிலிருந்தே உள்ளது, அதை எடுக்கவில்லை. பாலீஷ் போடுவதற்காகக் கழற்றினேன், அவ்வளவுதான். அந்த வாரம் அது என் சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் காலையில் மோர்ச் செம்போடு போய்த் திறந்தேன். கதவை ஒட்டியே இருந்ததால் என் கால்மேல்தான் சாய்ந்தாள். எழுபதைத் தாண்டியவள், பனி தாங்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் பாடைக்குத் தோள் கொடுத்தேன். கதவின் உள்பக்கம் கீழே பாலீஷ் நெடுக நகம் நகமாகக் கீறியிருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. அந்த மாதிரி பாலீஷ் இப்போது யாருக்கும் போட வராது ஐயா.

தை மாதம் சொன்னபடி மெட்ராஸ்காரர் வந்தார். ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்துவிட்டு கிளாசிக் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதில் என் பெயர் இல்லை. இருக்கவும் கூடாது, நானும் பிற்பாடு வந்தவன்தானே.

எப்போது முடிவு செய்தாய் என்று கேட்கிறீர்கள். முடிவு என்று ஒன்றும் கிடையாது ஐயா. தாகத்துக்கு மோர் கொடுத்தேன், குளிருக்குக் கரி வாங்கினேன், பனிக்குக் கதவைச் சாத்தினேன். எல்லாம் அன்பினால் செய்தது. மற்றதெல்லாம் கடவுள் பார்த்துச் செய்தது.

வேலை தொடங்குமுன் பட்டியல் போடுவது மட்டும் பட்டறைப் பழக்கம். கேட்பீர்கள் என்று எடுத்து வந்தேன், இதோ. ஐப்பசி ஏழாம் தேதி எழுதியது. "பிற்பாடு சேர்ந்தவை" என்று மேலே போட்டிருக்கிறேன். புகைத் துளை நான்கு, கார்த்திகை. தாழ்ப்பாள் ஒன்று, கார்த்திகை. பலகை, காலண்டர் ஆணி, கார்த்திகை. கடைசி வரியில் பெயர் போடவில்லை. வயதானவர் பெயரை ஆணிக்குக் கீழே எழுதினால் மரியாதையாக இருக்காது. அதனால் "உள்ளே இருப்பது" என்று மட்டும் எழுதி, நேரே மார்கழி என்று போட்டேன்.