கருவாட்டு வாசனைக்குத் தனி வாடகை

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் காலைப் பேருந்து. என் முன் இருக்கையில் லைட்ஹவுஸ் குப்பத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். பொன்னேரிக்குக் குடிபோகிறார்கள், சாமான் ஏற்றிய லாரி முன்னால் போய்விட்டது. போனை மடியில் வைத்துவிட்டு மனைவி சொன்னார்:

“லாரிக்காரன் கருவாட்டு வாசனைக்குத் தனியா காசு கேக்கறான்யா.”

“வாசனைக்கா?”

“மணல்ல லாரி வரல, ரோடு வரைக்கும் தூக்கினோம்னு அதுக்கு வேற. பேசின வாடகைக்கு மேல பாதி ஏத்திட்டான். குடுத்தாதான் எறக்குவேன்றான்.”

“நீயே வெச்சுக்கோன்னு சொல்லு. வெயில் ஏறட்டும், அந்தக் கருவாடே அவன வழிக்குக் கொண்டாந்துடும்.”

“பீரோவுலதான்யா பாப்பா சர்டிபிகேட் இருக்குது. இன்னிக்குக் காலேஜ்ல காட்டலன்னா சீட்டு போயிடும்.”

“இன்னாடி சொல்ற? கையில எடுத்துக்கலையா?”

“பீரோவப் பூட்டினது நீதான?”

கணவர் குரலைத் தாழ்த்தினார். “இது அவன் காதுக்குப் போவக் கூடாது. தெரிஞ்சா இன்னும் ஏத்துவான்.”

மனைவி மறுபடி போன் போட்டார். குரல் தைரியமாகத்தான் இருந்தது. இன்னொரு கை முன்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

“அண்ணே, பேசினதுக்கு மேல தர மாட்டோம். சாமான் வண்டியிலயே இருக்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

வைத்துவிட்டார்.

“கூப்புடுவான் பாரு,” என்றார் கணவர். “நாலு தரம் அடிக்கட்டும். ஒடனே எடுத்தா அவசரம்னு தெரிஞ்சுடும்.”

“எனக்குத் தெரியாதா?”

அடுத்த நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் அது மனைவியின் காதில் இருந்தது.

“சொல்லுங்கண்ணே.”