‘டிசீவ்’ என்ற சொல்லுக்கு நான் எழுதிய வாக்கியம்

அவையை ஆளும் தலைவர் அவர்களே! எங்கள் நாவுக்கு ஆங்கிலம் நல்கிய ஆசிரியை அவர்களே! தையல் கூடத்தின் மூத்தோரே! முன்வரிசைத் தாய்மார்களே! மாலை வகுப்பு மாணவி வணங்குகிறேன்.

‘டிசீவ்’ என்றால் ஏமாற்றுதல். ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார் ஆசிரியை. திருடன் ஏமாற்றினான் என்றாள் ஒருத்தி. என் வீட்டுக்காரர் ஏமாற்றினார் என்றாள் இன்னொருத்தி. (சிரிக்காதீர்கள், அவர் பின்வரிசையில்தான் இருக்கிறார்!) என் தாள் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. எழுதத் தெரியாமலா? இல்லை! எழுதத் துணிவில்லாமல்!

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் தாள் வரும். பென்சிலால் குறி போட்டிருக்கும். குறி கண்ட இடத்தில் கையெழுத்துப் போடுவோம். இஸ்திரி போடும் அக்காவின் இடக்கை நீராவியில் வெந்த மறுநாளும் ஒரு தாள் வந்தது.

“நீதான் கிளாஸுக்குப் போறியே, என்னடி எழுதியிருக்கு?” என்றார்.

எனக்குப் புரிந்தது நாலே சொல். தெரியாது என்று சொல்ல வெட்கம்!

“படிச்சிட்டேங்க்கா. லீவு லெட்டர்தான், போடுங்க.”

போட்டார். கை வெந்தது வீட்டு அடுப்பில் என்று எழுதியிருந்தது ஐயா, அந்தத் தாளில்! கூடத்துச் செலவில் வைத்தியமும் போயிற்று, வேலையும் போயிற்று.

ஏமாற்றியது யார்? எழுதியவரா? ஆம்! குறி போட்டவரா? ஆம்! அவர்கள் மட்டும்தானா?

அந்த ‘டிசீவ்’ வகுப்புக்கு மறுநாள், அக்கா கொடுத்த புகாரின் மேல் விசாரணை. “படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டாங்க?” என்றார் மேலாளர். எழுந்தேன். “ஐ டிசீவ்ட் ஹெர்” என்றேன். அக்காவை ஏமாற்றியவள் நான். படிக்கத் தெரியாமலே படித்ததாகச் சொன்னேன்.

“வேலை போயிடும்மா, யோசிச்சுப் பேசு.”

“போகட்டும் சார். கை வெந்தது இங்கதான். என் கண்ணால பார்த்தேன்.”

தாள் செல்லாது என்று முடிவானது. வைத்தியமும் வந்தது, வேலையும் வந்தது. வெளியே வந்ததும், “பாவி, அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!” என்று அக்கா முதுகில் ஒன்று வைத்தார். நியாயமான அடிதான். அன்று மாலை அந்த வாக்கியத்தையே வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். சரி என்றார் ஆசிரியை.

அன்பர்களே! இன்று இந்த மேடைக்குப் பின்னாலும் கையெழுத்துக்கென்று ஒரு தாளை நீட்டினார்கள். பென்சில் குறியும் இருந்தது! உட்கார்ந்து, வரி விடாமல் படித்தேன். கூட்டம் கால் மணி நேரம் தாமதமானது அதனால்தான். மன்னிப்புக் கேட்க மாட்டேன்! நாளை முதல் நீங்களும் தாமதப்படுத்துங்கள்! புரியாததைப் புரியவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள்!

முன்வரிசையில் ஆறிய கையால் தட்டிக்கொண்டிருக்கும் என் அக்காவுக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்!