ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு

"வண்டியை விடுங்கம்மா!"

"விட மாட்டேன் சார்."

"ஏம்மா, காது கேக்குதா இல்லையா? அங்க ஒண்ணுமே இல்லை. சூரியப் புயல். காலைல இருந்து லைன் பூரா இதே கூத்துதான். மத்த கேபின்ல எல்லாம் விட்டாச்சு. நீங்க மட்டும் என்ன பெரிய இவங்களா?"

"லைட்டு எரியுதே சார்."

"எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும்! டிரைவர் கையில ஒரு துண்டுச் சீட்டைக் குடுத்து, மெதுவாப் போகச் சொல்லி அனுப்புங்க!"

போன்ல கத்தினது லைன் பூரா வண்டிங்களை மேற்பார்வை பாக்கற கன்ட்ரோலர். இந்தப் பக்கம் நின்னது என் ஃப்ரெண்டோட அண்ணி. ரயில்வே கேபின்ல சிக்னல் போடற வேலை. பேய்னா நடுராத்திரிலதான் வரும்னு நினைக்காதீங்க... இது பட்டப்பகல். மத்தியானம் ஒரு மணி. தண்டவாளத்தை ஒட்டி ஒரு மண் ரோடு, அதுல ஈ காக்கா கிடையாது. போன வாரம் நைட்டு கரெண்ட் போய், எல்லாரும் நெருக்கியடிச்சு உக்காந்திருந்தப்ப ஃப்ரெண்டு சொன்னான். அப்படியே சொல்றேன்.

முதல்ல அந்தச் சிவப்பு லைட்டு. தண்டவாளத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுலயும் லேசா கரெண்ட் விட்டிருப்பாங்க. வண்டி ஏறினா சக்கரம் ரெண்டு தண்டவாளத்தையும் சேர்த்துடும். உடனே கேபின் பேனல்ல அந்தத் துண்டுக்குச் சிவப்பு எரியும். வண்டிதான் வேணும்னு இல்லை. ஒரு கடப்பாரையைக் குறுக்கே போட்டாலும் எரியும்.

அண்ணியோட வீட்டுக்காரர், அதாவது ஃப்ரெண்டோட அண்ணன், அங்கதான் கேங்மேன். தண்டவாளம் பாத்துக்கிட்டே நடக்கற வேலை. வளைவு தாண்டினதும் கடப்பாரையைக் குறுக்கே வச்சு எடுப்பாரு. ரெண்டு தடவை சட்டுனு. மூணாவது தடவை கொஞ்ச நேரம் விட்டு. கேபின்ல லைட்டு மினுக்... மினுக்... அப்புறம் நீளமா ஒண்ணு. "வந்துட்டேன், சாப்பாட்டை எடுத்து வை"ன்னு அர்த்தம். தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போயிடும். அண்ணி தலைல அடிச்சுக்கிட்டே டிபன் பாக்ஸைத் திறப்பாங்க. வேற ஒருத்தருக்கும் இது தெரியாது.

மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள்... மினுக், மினுக், நீளமா ஒண்ணு. அந்த நீளம் அணையவே இல்லை. "மனுஷனுக்கு இன்னிக்குப் பசி ஜாஸ்தி போல"ன்னு சிரிச்சிருக்காங்க. அரை மணி ஆச்சு. கன்ட்ரோலுக்கு போன் பண்ணினா இதே ஆள்தான். "ஏதாவது ஃபால்ட்டா இருக்கும்மா, விடுங்க"ன்னுட்டாரு. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் வண்டியும் இல்லை, அண்ணியும் விட்டுட்டாங்க.

சாயங்காலம் வளைவுல கிடந்தாரு. நெஞ்சு வலி. கடப்பாரை தண்டவாளத்துக்குக் குறுக்கே அப்படியே இருந்துச்சு. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாராம்.

இப்ப புயலுக்கு வர்றேன். சூரியன்ல ஏதோ வெடிச்சுச் சிதறி, இங்க வந்து பூமியோட காந்தத்தை உலுக்கிடுமாம். காந்தம் ஆடினா தரைக்குள்ள கரெண்ட் ஓடுமாம். நீளமா இரும்பு எங்க கிடக்கோ அங்க ஏறிக்கும். தண்டவாளத்தை விட நீளமா என்ன இருக்கு? அதனால வண்டியே இல்லாம லைட்டு எரியும்னு காலையிலேயே எல்லா கேபினுக்கும் சொல்லிட்டாங்க. சொன்ன மாதிரியே அங்கொண்ணு இங்கொண்ணு பைத்தியம் பிடிச்ச மாதிரி எரிஞ்சு அணைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அண்ணி பயப்படலை.

ஒரு மணிக்கு எல்லா லைட்டும் ஒரே சமயத்துல அணைஞ்சுச்சு.

வளைவு லைட்டு மட்டும்... மினுக். மினுக். அப்புறம் நீளமா ஒண்ணு.

அணையலை.

"கேங் ஆளுங்க எல்லாம் இன்னிக்கு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வேலை பாக்கறாங்க. வளைவுல ஆளே கிடையாது. வண்டியை விடறீங்களா, இல்லை மேல எழுதிப் போடட்டுமா?" கன்ட்ரோலர் விடற மாதிரி இல்லை.

"எழுதுங்க சார். நல்லா எழுதுங்க. போன தடவை உங்க பேச்சைக் கேட்டுத்தான் என் புருஷனைத் தூக்கிக் குடுத்தேன்."

போனை மாட்டக்கூட இல்லை. அது பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு கத்துது. சிக்னலைப் பூட்டி, சாவியை இடுப்புல செருகிக்கிட்டு, தண்ணி பாட்டிலோட மண் ரோட்டுல ஓட ஆரம்பிச்சுட்டாங்க. பிளாட்பாரத்துல வண்டி ஹார்ன் அடிக்குது. ஜன்னல்ல இருந்து ஜனங்க திட்டறாங்க.

வெயில்னா அப்படி ஒரு வெயில். தார்க் கட்டை வாசனை, சுட்ட இரும்பு வாசனை. அண்ணியோட செருப்புச் சத்தம் மட்டும் சரக்... சரக்... காத்து சுத்தமா நின்னு போச்சு.

வளைவுக்குப் பக்கத்துல...

ணங்.

...ணங்.

அப்புறம் இரும்பு மேல இரும்பை இழுத்து வைக்கற மாதிரி சர்ர்ர்னு ஒரு சத்தம்.

அண்ணி நின்னுட்டாங்க. "என்னங்க...?"ன்னு கூப்பிட்டாங்களாம். மூணு வருஷம் கழிச்சு அந்த வார்த்தை தானா வாய்ல வந்துச்சாம்.

திரும்பிப் பாத்தா... தண்டவாளத்து மேல தலையை வச்சபடி ஒரு ஆள் கிடக்கான்.

புதுசா வந்த கேங்மேன். மறந்து வச்ச ஸ்பானரை எடுக்கத் தனியா வந்தவன், வெயில்ல சுருண்டு விழுந்துட்டான். உயிர் இருந்துச்சு. அண்ணி அவனைக் கீழ இழுத்துப் போட்டு, மூஞ்சில தண்ணி அடிச்சாங்க. வண்டி கிளம்பியிருந்தா வளைவுல டிரைவருக்கு ஆளே தெரிஞ்சிருக்காது.

"ஏன்டா, நீதானே கடப்பாரை போட்டே?"

"எந்தக் கடப்பாரை அக்கா? நான் எடுத்துட்டே வரலையே..."

அண்ணி தண்டவாளத்தைப் பாத்தாங்க. குறுக்கே ஒண்ணும் இல்லை. சுத்தமா ஒண்ணும் இல்லை.

கன்ட்ரோலர் அப்புறம் நேர்ல வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. ஆனா லைட்டு எரிஞ்சதுக்கு, "புயல்தாம்மா, தற்செயலா அமைஞ்சு போச்சு"ன்னுதான் சொன்னாரு. இருக்கலாம். நான் படிச்சவன் இல்லை. அண்ணியும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டாங்க.

போன மாசம் அந்தப் பழைய ஏற்பாட்டையே எடுத்துட்டாங்க. இப்ப வண்டிச் சக்கரங்களை இணைக்கற அச்சை எண்ற மெஷின். உள்ள எத்தனை அச்சு போச்சு, வெளிய எத்தனை வந்துச்சு, அது மட்டும்தான் கணக்கு. கடப்பாரை போட்டா அதுக்குத் தெரியாது. அண்ணி அன்னிக்கு என் ஃப்ரெண்டு கிட்ட, "இனிமே உங்கண்ணன் எப்படிடா கூப்பிடுவாரு?"ன்னு கேட்டு அழுதாங்களாம்.

மெஷின் ஓட ஆரம்பிச்ச முதல் நாள். மத்தியானம் ஒரு மணி. வண்டி ஒண்ணும் இல்லை. கேங் ஆளுங்க தள்ற டிராலி கூட இல்லை. பேனல்ல வளைவுத் துண்டு சிவப்பாச்சு.

உள்ள போன அச்சு... ஒண்ணு.

வெளிய வந்தது... ஒண்ணும் இல்லை.

ஒத்தை அச்சுல எந்த வண்டி ஓடும்? ஆளுங்க வந்து கணக்கை அழிச்சுட்டுப் போறாங்க. மறுநாள் ஒரு மணிக்குத் திரும்பவும் ஒண்ணு உள்ள போகுது. ஒரு நாள் கூட வெளிய வரலை.

அந்த நாளுங்கள்ல சூரியப் புயல் ஏதாவது இருந்துச்சான்னு தேடிப் பாத்தேன். எதுவும் இல்லை.

சிக்னல் வேலை தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா தயவு பண்ணி கீழ பதில் எழுதுங்க. வேற காரணம் ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் சரி, ஒரு வரி போதும். அண்ணி தினமும் போன் பண்ணி ஒரே கேள்விதான் கேக்கறாங்களாம்... "அவர் இன்னும் அங்கயேதான் கிடக்கறாரா?"

ஃப்ரெண்டு என்னைக் கேக்கறான். நான் என்ன சொல்ல?