வெள்ளிக் கட்டு

எனக்குக் கைராசி உண்டு என்று நர்ஸ் அக்காவே சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், டாக்டர்.

புதுச் செருப்பு கடித்து அப்பாவின் குதிகாலில் புண் வந்தது. சர்க்கரைக்கார உடம்பு, சீழ் பிடித்தது. வெள்ளி கலந்த கட்டுத்துணியை நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள். ஈரம் பட்டால் வெள்ளி மெல்லக் கசிந்து கிருமியைக் கொல்லும். டிஸ்டில்டு வாட்டரில்தான் நனைக்க வேண்டும், சலைன் கூடாது என்றார் நர்ஸ் அக்கா. காரணம் சொல்லவில்லை. எனக்குத் தேவையும் இல்லை. சலைனில் இருப்பது உப்பு. உப்பு பட்டால் வெள்ளி அதோடு ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடும். நான் வேதியியல் படித்தவள்.

என் படிப்பில் அப்பாவுக்குப் பெருமை அதிகம். யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்வார்: "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சுடுதண்ணி நல்லா வைப்பா." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேலைக்கான நேர்காணலுக்குப் போன அன்று, "வாயத் திறக்காத ஊமைய எவன் எடுப்பான்?" என்று வாழ்த்தி அனுப்பினார். எடுக்கவில்லை. அப்பா வாக்கு பலித்தது.

காய்ச்சலில் கிடந்தபோது அவர் வேறு மனிதர். "நீ கட்டுப் போட்டா வலியே தெரியலம்மா" என்றார். அதுவரை கழுதை, ஊமை, ஏய். எனக்குப் பெயருக்கா பஞ்சம்? 'அம்மா' மட்டும்தான் பாக்கி இருந்தது.

வெள்ளி தன் வேலையைச் செய்தது. புண் ஆறிவந்தது, காய்ச்சல் விட்டது. ஒரு காலை டம்ளரைத் தள்ளிவிட்டு, "ஏ கழுதை, இது டீயா, கழுவுன தண்ணியா?" என்றார்.

"அப்பா பழையபடி ஆயிட்டாரு" என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று கட்டு மாற்றும்போது, புண் கழுவ வைத்திருந்த சலைன் பக்கத்திலேயே இருந்தது. அதிலேயே நனைத்தேன். அண்ணன் வாசற்படியில் நின்று பார்த்தான். "எவ்வளவு சுத்தமா செய்யறா பாரேன்" என்று அண்ணியிடம் சொன்னான். உண்மைதான். கையுறைகூடப் புதிது.

காய்ச்சல் திரும்பியது. 'அம்மா'வும் திரும்பியது. அதன்பின் எப்போதும் சலைன்தான். "சில உடம்புக்கு இந்த வெள்ளிக் கட்டு சரியா வேலை செய்யாது" என்று நீங்கள் அண்ணனுக்கு விளக்கினீர்கள். பெரிய டாக்டர் பேசும்போது ஊமை குறுக்கே பேசலாமா?

பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டீர்கள். அவர் காலுக்கு நான் ஆசைப்படவில்லை, டாக்டர். அந்த ஒரு வார்த்தை போதும் என்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா, குப்பைக்கூடையில் சலைன் பாட்டில்களையும் அலமாரியில் திறக்காத டிஸ்டில்டு வாட்டரையும் பார்த்துவிட்டார். நல்ல கண். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன்.

நான் கிளம்பலாமா? அப்பாவின் இன்னொரு குதிகாலில் சின்னக் கொப்புளம் ஒன்று. காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். அண்ணனைத் தொட விடமாட்டார். என் கை பட்டால்தான் அவருக்கு வலிக்காது. சர்க்கரையில் கால் மரத்துப்போய்விட்டது, யார் தொட்டாலும் வலிக்காது என்பீர்கள். அது மருத்துவம். எங்கள் வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?