சருகின் நடை

எனக்கு இந்த வீடியோ கேமை விளையாட வராது. பதினேழு வருடமாக 'எட்டு முஷ்டி'யில் வேலை பார்க்கிறேன், ஐந்து பாகத்திலும் என் பெயர் வருகிறது. ஆனாலும் தங்கையின் ஒன்பது வயது மகள் என்னை அரை நிமிடத்தில் தரையில் கிடத்திவிடுவாள். "மாமா, நீங்க பட்டனைத் தடவிக் குடுக்கறீங்க, அமுக்கணும்" என்பாள். நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

என் வேலை அசைவு. திரையில் ஒருவன் எகிறி உதைக்கிறான் என்றால், யாரோ ஒரு மனிதர் நிஜமாகவே எகிறி உதைத்திருக்கிறார். உடம்பைக் கவ்விப் பிடிக்கும் கறுப்பு உடையில் ஐம்பத்திரண்டு வெள்ளைப் பொட்டுகளை ஒட்டி, அவரைப் பெரிய கூடத்தின் நடுவில் நிறுத்துவோம். சுற்றிலும் கேமராக்கள். அவை பொட்டுகளை மட்டும் பார்க்கும், ஓர் எலும்புக்கூடாகக் கோத்து என் திரைக்கு அனுப்பும். அதன்மேல் எந்த உருவத்தை வேண்டுமானாலும் நாங்கள் போர்த்திக்கொள்வோம்.

அந்த மனிதர் என் மாப்பிள்ளை, தங்கை வீட்டுக்காரர். எங்கேயோ சண்டைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரை மூன்றாம் பாகத்துக்கு நான்தான் அழைத்து வந்தேன். எப்படித் தள்ளினாலும் விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவார். அதனால் எங்கள் ஆட்கள் அவருக்கு 'ரப்பர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேலை இடத்திலாவது என்னை சார் என்று கூப்பிடுங்கள் என்றால், "அப்புறம் வீட்ல யார் சோறு போடறது மச்சான்?" என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பாகம் வந்தபோது மானம் போயிற்று. அசைவெல்லாம் பொம்மலாட்டம் என்று விமர்சனம் எழுதினார்கள். ஒருவன் என் பெயரைப் போட்டே எழுதினான். அதனால் ஐந்தாம் பாகத்துக்கு ஒரு புது ஆளை யோசித்தேன். பெயர் சருகு. இப்போது விழுவார், அடுத்த நொடி விழுவார் என்று நினைக்கும்படியே நிற்பார். அதை நம்பிக் கிட்டே வருகிறவன் அடி வாங்குவான். மேலிடத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போய், அட்டைப்படத்திலேயே சருகைப் போடலாம் என்றார்கள். ஆனால் மாப்பிள்ளைக்குத் தள்ளாட வரவில்லை. கட்டுமஸ்தான உடம்பு, நேராக நின்றே பழகிவிட்டது. பள்ளிக்கூட நாடகத்தில் குடிகாரன் வேஷம் கட்டிய பையன் மாதிரி இருந்தது. ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஏழாவது வாரம் அந்த விபத்து. அதில் எனக்குப் பங்கில்லை. பின்னால் பாய்ந்து விழும்போது மெத்தை நழுவி, பின்மண்டை தரையில் இடித்தது. எழுந்து உட்கார்ந்து, "ரப்பர் மச்சான், ரப்பர்" என்றார். எல்லாரும் சிரித்தோம். கம்பெனி டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர் கெட்டிக்காரர், விடவில்லை.

"சில பேருக்கு உள்ளே ரத்தம் மெதுவாக் கசியும், வாரக்கணக்குல. தலைவலி வரும், நடை தடுமாறும், ஒரு கை சொன்ன பேச்சு கேக்காது. அப்படி ஏதாவது தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுங்க. சின்ன ஆபரேஷன்தான். பத்து நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்."

அதோடு இன்னொன்றும் கேட்டார். தினமும் காலையில் பதிவு தொடங்கும் முன் நடிகர் கையை விரித்து நின்றுவிட்டு, பத்தடி நேராக நடக்க வேண்டும். பொட்டுகள் ஒழுங்காக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக. அளவு நடை என்று சொல்வோம். அந்த நடையை வாராவாரம் வெள்ளிக்கிழமை தனக்கு அனுப்பச் சொன்னார். சரி என்றேன். முதல் மூன்று வாரம் ஒழுங்காக அனுப்பவும் செய்தேன்.

விபத்துக்குப் பின் நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை, அளவு நடையில் சருகு வந்துவிட்டார். இடது பாதம் தரையை விட்டு எழ மனமில்லாமல் எழுந்தது. தோள் ஒரு விரல்கடை சாய்ந்து, ஏதோ ஞாபகம் வந்ததுபோல நிமிர்ந்தது. ஆறாவது அடியில் அவர் விழ வேண்டும், விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நடையை நான் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளை திரையை எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், இடது கை இப்படி நடுங்குது?"

"பொட்டு லூசா இருக்கு மாப்ளே. மிஷின் கோளாறு."

"தலை வேற விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

"ராத்திரி சீக்கிரம் படுங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போய் நின்றுகொண்டார். உடம்பு அசைவு பற்றி நான் எது சொன்னாலும் அவர் மறு பேச்சு பேசியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவுக்கு, விபத்துக்கு முந்தைய நடை ஒன்றை எடுத்துத் தேதியை மாற்றி அனுப்பினேன். நீங்கள் மோசடி என்கிறீர்கள். அதுவும் அவர் நடந்த நடைதானே. "ரொம்ப நல்லா இருக்காரே" என்று பதில் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு நாளின் நடையை அனுப்பினேன். ஒன்றையே திரும்பத் திரும்ப அனுப்பினால் யாருக்கும் சந்தேகம் வருமில்லையா.

தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இவர் அரை மணி நேரமா கண்ணாடி முன்னாடி நின்னு சட்டைப் பொத்தானை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டிருக்கார். பாப்பா விழுந்து விழுந்து சிரிக்கறா. எனக்குச் சிரிப்பு வரலை."

"பாத்திரத்துக்குள்ள போயிட்டார்ம்மா. நீ பாட்டுக்கு எதையாவது சொல்லிக் கலைச்சு விட்டுடாதே."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?"

"எங்க டாக்டர் வாராவாரம் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. எழுதியே குடுத்திருக்காங்க, அனுப்பறேன் பாரு."

டாக்டரம்மா எழுதியதை அப்படியே அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்று மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது.

பதினெட்டு நாட்களில் சருகை முழுவதும் எடுத்து முடித்தேன். நிற்பது, நடப்பது, அடிப்பது, அடி வாங்குவது எல்லாம். ஒவ்வொரு நாளும் நடை முந்தின நாளைவிட நன்றாக இருந்தது. நன்றாக என்றுதான் அப்போது என் குறிப்பேட்டில் எழுதினேன், உங்கள் மேசை மேல் இருக்கிறது. தோற்று விழுவது ஒன்றுதான் பாக்கி. எல்லாச் சண்டைக்காரருக்கும் அது ஒன்று இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதை எடுத்துவிட்டு, திங்கட்கிழமை நானே கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக இருந்தேன். சத்தியமாக. என் நாட்காட்டியில் குறித்தும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தங்கையே பொத்தான் போட்டுவிட்டு, வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். "இன்னிக்கு என்ன மச்சான்?" என்று மாப்பிள்ளை மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னேன். கூடத்தில் அவரைத் தவிர, என்னையும் சேர்த்து ஐந்து பேர். பதிவு ஓடும்போது நான் "போதும்" என்று சொல்லும்வரை, தரையில் போட்டிருக்கும் கோட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வைத்தால் எடுத்தது வீணாகிவிடும். விழுந்த நடிகரும் அதுவரை அசையாமல் கிடக்க வேண்டும். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான்.

கற்பனை எதிராளியிடமிருந்து பின்வாங்கும் மூன்றாவது அடியிலேயே விழுந்தார். நான் ஏழாவது அடியில் விழச் சொல்லியிருந்தேன். முழங்கால் மடங்கி, ஒரு பக்கமாகச் சரிந்து, கன்னம் தரையில் பட்டது. விழும்போது கையை ஊன்றவே இல்லை. கை ஊன்றாமல் எந்த நடிகராலும் விழ முடியாது, உடம்பு விடாது. "பிரமாதம்" என்று யாரோ என் பின்னால் மெல்லச் சொன்னார்கள்.

எழுந்துவிடுவார் என்று நினைத்தேன் என முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. தினமும் நூறு தடவை அந்த உடம்பைத் திரையில் ஓட்டிப் பார்த்தவன் நான். முழங்கால் மடங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது ஐந்தாம் பாகத்தை உலகமே கொண்டாடுகிறது. சருகுக்கு உயிர் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். விளம்பரத்தில் அந்த நடையைப் பார்த்துவிட்டுத்தான், தனக்கு இது வரவே இல்லையே என்று டாக்டரம்மா உங்களிடம் புகாரோடு வந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்குள் நுழையத்தான் முடியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் தங்கை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கடைசியா ஏதாவது சொன்னாரா அண்ணா?"

"இல்லைம்மா. விழுந்ததுமே நினைவு போயிடுச்சு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அந்தக் கூடத்தில் நாங்கள் ஒலியைப் பதிவு செய்வதில்லை, அதனால் இதை நான் சொன்னால்தான் உண்டு. மற்ற நாலு பேரும் கோட்டுக்கு வெளியே தள்ளி நின்றார்கள், நான் கோட்டை ஒட்டி, அவர் விழுந்த பக்கத்தில் இருந்தேன். நினைவு போகவில்லை. கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தார். "மச்சான், எந்திரிக்க முடியலை. கை குடுங்க" என்றார். இரண்டு தடவை சொன்னார். வலது கையை என் பக்கமாகக் கொஞ்சம் நீட்டினார். கேமரா பார்க்கிற பெண்ணுக்கு என்னவோ உறைத்திருக்க வேண்டும், கோட்டைத் தாண்டக் காலை எடுத்து வைத்தாள்.

நான் கையை உயர்த்தி அவளை நிறுத்தினேன். நீட்டிய கை தானாகத் தரையில் இறங்கும்வரை காத்திருந்தேன், நாலு நிமிடம். பிறகுதான் "போதும்" என்றேன்.