தொண்ணூற்றெட்டில் விழிக்கும் கம்ப்யூட்டர்

செம்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் ஓர் அலுவலகப் பெண்மணியும், அங்கே கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“என் சிஸ்டத்துக்கு மட்டும் பேட்டரி மாத்தாத தம்பி. தெனம் காலையில தொண்ணூத்தெட்டுலதான் அது எந்திரிக்கணும்.”

“நல்லா இருக்கே! பேட்டரி தீந்துபோய், அணைச்சுப் போட்டா தேதி தொண்ணூத்தெட்டாம் வருசத்துக்குப் போயிருது. உங்க ஒரு ஆளால ஃபைல் தேதியெல்லாம் குழம்புதுக்கா. இனிமே எல்லா சிஸ்டமும் சர்வர் நேரத்தத்தான் எடுத்துக்கும். பட்டனத் தட்டுனதும் சரியாயிரும்.”

“நானே சரி பண்றேன்ப்பா. செத்த நேரம் அந்தத் தேதியப் பாத்துட்டுப் பண்றேன். அந்த வருசம் எம்மக வீட்ல இருந்தா.”

“இப்ப எங்கக்கா?”

“கோயம்புத்தூர்ல. பிடிச்சவனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. புள்ள பொறந்திருக்காம்.”

“ஒரு போன் போடலாம்ல?”

“அவரு இருக்காரே. அவ பேரச் சொன்னாலே தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிருவாரு.”

“இந்தாங்க, என் செல்லுல போடுங்க.”

அந்த அம்மா செல்லை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். செம்பட்டி வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் மகளும் அப்படித்தான் போனாள்; என் வீட்டில் அந்த ‘அவர்’ நான்தான். என் மனைவி எந்த பஸ்ஸில், யாரிடம் இதைச் சொன்னாளோ தெரியாது. அவள் இறந்துவிட்டாள், இனி கேட்கவும் முடியாது.